நஞ்சின் நிறமும் சான்றின் வலிமையும்: தடயவியல் மாதிரிகளில் போதைப்பொருள் கண்டறியும் ஆய்வுமுறைகளின் வரலாறு (1823–2020)

ஆய்வுச்சுருக்கம்

உடற்பகுதிகளிலும் கைப்பற்றப்பட்ட பொருள்களிலும் அபினி, மார்ஃபின், ஹெராயின், கஞ்சா முதலியன உள்ளனவா என்று கண்டறியும் ஆய்வுமுறைகள் கடந்த இரு நூற்றாண்டுகளில் உருப்பெற்றவை. இவற்றின் வரலாற்றைக் கருவிகளின் நுண்மை வளர்ந்த வரலாறாக எழுதுவதே பெருவழக்கு. நீதிமன்றங்களில் எழுந்த மறுப்புகளுக்கும் ஆய்வுக்கூடம் அளித்த விடைகளுக்கும் இடையிலான உறவின் வழியாக அவ்வரலாற்றை இக்கட்டுரை அணுகுகின்றது. 1850ஆம் ஆண்டின் பெல்ஜிய வழக்கு, தோர்பாத் பல்கலைக்கழகத்தின் நிறவினை ஆய்வுகள், சென்னை மாகாண இரசாயனப் பரிசோதகர் அலுவலகம், வண்ணப்பிரிகை, நிறை நிறமாலையியல், இந்தியப் போதைப்பொருள் சட்டத்தின் அளவு பற்றிய தீர்ப்புகள் ஆகியன இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆல்கலாய்டு, ஸ்டாஸ் - ஓட்டோ முறை, நிறவினை, இரசாயனப் பரிசோதகர், வண்ணப்பிரிகை, முதனிலைச் சோதனை, உறுதிப்படுத்தும் சோதனை

முன்னுரை

1823ஆம் ஆண்டு பாரிசில் எத்மே கஸ்தேங் என்னும் இளம் மருத்துவர் மீது கொலைவழக்கு நடைபெற்றது. பாலே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த உடன்பிறந்தார் இருவரை அவர்தம் சொத்தின் பொருட்டு நஞ்சூட்டிக் கொன்றார் என்பது குற்றச்சாட்டு. அவர் மார்ஃபின் அசிட்டேட் வாங்கியமை மெய்ப்பிக்கப்பட்டது. எனினும் இறந்தவர் உடலில் மார்ஃபினைக் கண்டறிய அன்றைய வேதியியலால் இயலவில்லை. நஞ்சு வாங்கியது, உயில் மாற்றப்பட்டது, நோயின் போக்கு ஆகிய சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே அவர் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் கொல்லப்பட்டார்.

இவ்வழக்கு தற்செயலானதன்று. அபினியிலிருந்து மார்ஃபினைச் செர்மானிய மருந்தாளர் ஃபிரீட்ரிக் செர்ட்யூர்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தெடுத்திருந்தார். 1818இல் எட்டிக்கொட்டையின் நஞ்சாகிய ஸ்ட்ரிக்னினும், 1820இல் குயினினும் பெல்லெத்தியே, கவந்து ஆகிய இரு பிரெஞ்சு வேதியியலாளரால் பிரித்தெடுக்கப்பட்டன. தாவரத்திலிருந்து தூய நஞ்சை எடுக்கும் கலை முன்னே சென்றுவிட, உடலுக்குள் சென்ற அதே நஞ்சை மீண்டும் எடுக்கும் கலை பின்தங்கி நின்றது. கனிம நஞ்சுகளின் நிலை வேறு. 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் வெளியிட்ட சோதனை பாடாணத்தை உலோகப் படலமாகவே கண்முன் நிறுத்தியது. உறுப்புகளை எரித்தாலும் அமிலத்தில் கரைத்தாலும் பாடாணம் அழியாது. தாவர நஞ்சோ உடலின் புரதம், கொழுப்பு ஆகியவற்றைப் போன்றே கார்பன் சேர்மம். உடற்பொருளை அழிக்கும் வழி எதுவோ, அதுவே நஞ்சையும் அழித்துவிடும். ஆகவே அழிக்காமல் பிரிப்பது எவ்வாறு என்பதே அன்றைய சிக்கலாக இருந்தது.

பித்ரமோன் மாளிகை வழக்கும் ஸ்டாஸ் முறையும்

அச்சிக்கலுக்கு விடை 1850இல் பெல்ஜியத்திலிருந்து வந்தது. நவம்பர் 20ஆம் நாள் பித்ரமோன் மாளிகையில் குஸ்தாவ் ஃபூஞி என்பவர் இறந்தார். மாளிகைக்கு உரியவர் அவருடைய தமக்கையின் கணவரான இப்போலித் விசார் த பொக்கார்மே பிரபு. கடனில் மூழ்கியிருந்த பிரபுவுக்கு மைத்துனரின் சொத்து தேவையாக இருந்தது. இறந்தவரின் வாயும் நாவும் வெந்திருந்தமையால், எரிக்கும் அமிலம் ஏதேனும் ஊற்றப்பட்டிருக்கலாம் என விசாரணை அதிகாரி முதலில் கருதினார். உறுப்புகள் பிரசெல்சு நகர இராணுவப் பள்ளியின் வேதியியல் பேராசிரியர் ழான் செர்வே ஸ்டாஸிடம் அனுப்பப்பட்டன.

ஸ்டாஸ் முதலில் உணர்ந்தது புளிக்காடியின் நெடி. காடியால் ஒருவர் சாகமாட்டார். வேறொன்றை மறைப்பதற்காகவே அது இறந்தவர் வாயிலும் உடலிலும் ஊற்றப்பட்டிருக்கவேண்டும் என அவர் ஊகித்தார். இங்கு வரலாற்றின் ஒரு முரணைக் கவனிக்கவேண்டும். ஆல்கலாய்டுகள் காரத்தன்மை உடையவை. அமிலத்துடன் சேரும்போது அவை உப்பாகி நீரிலும் சாராயத்திலும் கரையும். காரம் சேர்த்தால் உப்பு சிதைந்து, நீரை விட்டு ஈதரில் கரையும் நிலையை அடையும். நஞ்சை மறைக்க ஊற்றிய காடியே நஞ்சை உப்பாக மாற்றிக் கரையும் நிலையில் வைத்திருந்தது.

ஸ்டாஸ் கையாண்ட வழி எளிமையானது. நறுக்கிய உறுப்புகளை அமிலம் கலந்த சாராயத்தில் ஊறவைத்து வடிகட்டினார். சாராயத்தில் கரையாத புரதம் பின்தங்கியது. வடிநீரை ஆவியாக்கி எஞ்சியதை நீரில் கரைத்தபோது, நீரில் கரையாத கொழுப்பு விலகியது. இவ்வாறு பலமுறை தூய்மையாக்கிய கரைசலில் பொட்டாஷ் காரத்தைச் சேர்த்து ஈதருடன் குலுக்கினார். மேலே மிதந்த ஈதர் ஆவியானதும் எண்ணெய் போன்ற ஒரு துளி எஞ்சியது. அதில் புகையிலையின் காரநெடி இருந்தது. 1828இலேயே புகையிலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டிருந்த நிக்கோட்டினுடன் ஒப்பிட்டு அது நிக்கோட்டினே என்று உறுதிசெய்தார். உணவறையின் தரைப்பலகையிலும் அதே நஞ்சு காணப்பட்டது. பிரபு புனைபெயரில் கெண்ட் நகர வேதியியல் ஆசிரியர் ஒருவரிடம் புகையிலைச் சாறெடுக்கும் முறையைக் கேட்டறிந்ததும், தோட்டத்தில் புதைக்கப்பட்ட விலங்குகளின் உடல்களும் பின்னர் வெளிவந்தன. 1851 சூலை 19ஆம் நாள் மோன்ஸ் நகரில் பிரபு தலைவெட்டிப் பொறியில் கொல்லப்பட்டார். அவர் மனைவி விடுவிக்கப்பட்டார்.

1856இல் செர்மானிய வேதியியலாளர் ஃபிரீட்ரிக் யூலியுசு ஓட்டோ, காரம் சேர்ப்பதற்கு முன்பே அமிலக் கரைசலை ஈதரால் கழுவி மாசுகளை அகற்றும் படியை இதனுடன் சேர்த்தார். ஸ்டாஸ் - ஓட்டோ முறை எனப் பாடநூல்கள் கூறுவது இதுவே. இந்தியத் தடய அறிவியல் ஆய்வுக்கூடங்களில் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் உறுப்புகளிலிருந்து நஞ்சைப் பிரிக்க இம்முறையும் இதன் திருத்தங்களும் பயன்பட்டன. இன்றைய கருவிகளுக்கு மாதிரியை ஆயத்தம் செய்யும்போதும், அமில நிலையில் ஒருமுறையும் கார நிலையில் ஒருமுறையும் கரைப்பானுக்கு மாற்றும் அதே அறிவே தொழிற்படுகின்றது.

நாவும் நிறமும்

ஸ்டாஸ் முறை நஞ்சைப் பிரித்துத் தந்தது. பிரிந்த துளி எந்த நஞ்சு என்பதை அது சொல்லவில்லை. நிக்கோட்டினுக்கு நெடி இருந்தது. நெடியற்ற ஐம்பது ஆல்கலாய்டுகளை எவ்வாறு வேறுபடுத்துவது?

இவ்வினாவுக்கு விடை தேடிய இடங்களுள் முதன்மையானது அன்றைய உருசியப் பேரரசின் தோர்பாத் பல்கலைக்கழகம். இன்று அது எஸ்தோனியாவின் தார்த்து நகரில் உள்ளது. 1864 முதல் 1894 வரை அங்குப் பேராசிரியராயிருந்த கியோர்க் திராகண்டோர்ஃப் பெயரால் வழங்கும் வினைப்பொருள் ஆல்கலாய்டுகளோடு செம்மஞ்சள் வீழ்படிவைத் தரும். வனேடியச் சேர்மமும் கந்தக அமிலமும் கலந்த மண்டலின் வினைப்பொருளும் அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. 1896இல் எடுவார்த் மார்க்கி அங்கு அளித்த ஆய்வேட்டில், பார்மால்டிகைடும் அடர் கந்தக அமிலமும் கலந்த கரைசல் மார்ஃபினுடன் ஊதா நிறம் தருவதைக் குறித்தார். ஒரு பீங்கான் தட்டு, ஒரு துளி, சில நொடிகள் போதும். நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் உலகெங்கும் காவல்துறையினர் கையிலுள்ள சோதனைப் பெட்டிகளில் அதே கரைசல்தான் இருக்கின்றது.

மார்க்கியின் கரைசல் மார்ஃபினுக்கும் கோடீனுக்கும் ஹெராயினுக்கும் ஒருங்கே ஊதா நிறம் தரும். ஆம்ஃபெட்டமின் வகைகளுக்குச் செம்மஞ்சளிலிருந்து பழுப்பு வரை செல்லும். ஆஸ்பிரினுடனும் செந்நிறம் காட்டும். ஆகவே நிறத்தைக் காண்பவர் ‘இன்ன பொருள்’ என்று கூறுவதற்கு இடமில்லை; ‘இன்ன வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம்’ என்றே கூறமுடியும். இந்த எல்லையை முதலில் சுட்டிக்காட்டியோர் பெரும்பாலும் எதிர்த்தரப்பு வழக்குரைஞரும் அவர்கள் அழைத்துவந்த அறிஞரும் ஆவர் என்பது இவ்வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத செய்தி.

1870களில் பொலோஞா பல்கலைக்கழகத்தின் பிரான்செஸ்கோ செல்மி, அழுகும் பிணத்தில் இயல்பாகவே ஆல்கலாய்டு போன்ற பொருள்கள் தோன்றுவதைக் கண்டறிந்தார். பிணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவற்றுக்கு ‘டோமெயின்’ எனப் பெயரிட்டார். உரோமில் படைத்தலைவர் ஒருவரின் மரணத்தில் அவர் பணியாளர் மீது ஐயம் எழுந்தது. நிபுணர்கள் தாவர நஞ்சு என்று கூறியது உண்மையில் அழுகலின் விளைபொருளே என்று செல்மி காட்டினார். ஒரு மனிதரின் உயிர் அதனால் காக்கப்பட்டது. அதுவரை தூக்குமேடைக்குச் சென்றவர்களுள் எத்தனை பேர் இத்தகைய மயக்கத்தால் சென்றிருப்பர் என்ற வினா அக்கால நஞ்சியலாளரை உறுத்தியிருக்கவேண்டும்.

இலண்டனில் 1882ஆம் ஆண்டு நிகழ்ந்த லாம்சன் வழக்கில் இம்மறுப்பு நேரடியாக எழுந்தது. மருத்துவர் ஜார்ஜ் என்றி லாம்சன் தம் மனைவியின் தம்பியும் கால் ஊனமுற்ற மாணவனுமான பெர்சி ஜானை அகோனிட்டின் தந்து கொன்றதாகக் குற்றச்சாட்டு. அகோனிட்டின் தமிழ் மருத்துவ மரபில் நன்கறியப்பட்ட வச்சநாபி இனத்தின் நஞ்சு. அதற்கு அன்று நம்பத்தக்க வேதிச் சோதனை இல்லை. கைஸ் மருத்துவமனையின் தாமசு ஸ்டீவென்சன், உறுப்புகளிலிருந்து பிரித்த சாற்றைத் தம் நாவில் தடவிப் பார்த்தார். மணிக்கணக்கில் நீடித்த மரப்பும் எரிச்சலும் அகோனிட்டினுக்கு உரியவை என்றார். எலிகளுக்குச் செலுத்தியபோது அவை தூய அகோனிட்டின் செலுத்தப்பட்ட எலிகளைப் போன்றே இறந்தன. இவை பிணத்தின் இயல்பான ஆல்கலாய்டுகளாக ஏன் இருக்கக்கூடாது என்று எதிர்த்தரப்பு வினவியது. நடுவர்கள் ஏற்கவில்லை. லாம்சன் தூக்கிலிடப்பட்டார். இன்று நோக்குங்கால் தீர்ப்பு சரியானதாகவே தோன்றுகின்றது. ஆயினும் ஒரு மனிதரின் நாவுணர்வு, வேறெவரும் சரிபார்க்க இயலாத நிலையில், மற்றொருவரின் உயிரை முடிவுசெய்தது.

நியூயார்க்கில் 1893இல் நடந்த புக்கானன் வழக்கில் மறுப்பு மேலும் கூர்மை பெற்றது. மார்ஃபின் கண்மணியைச் சுருக்கும். அதனை மறைக்க அட்ரோபினும் கொடுக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு. அரசுத் தரப்பு வேதியியலாளர் நிறவினைகளைக் காட்டினார். எதிர்த்தரப்பில் வந்த விக்டர் வான், அழுகல் பொருளிலிருந்து பெற்ற சாற்றோடு அதே நிறவினைகளுள் ஒன்றை நிகழ்த்தி ஒத்த நிறம் வருவதை நீதிமன்றத்திலேயே காட்டினார். பிற சான்றுகளால் புக்கானன் தண்டிக்கப்பட்டாலும், ஒரே நிறவினையை நம்பிச் சான்றளிக்கும் வழக்கம் அன்றோடு மதிப்பிழந்தது. பல வினைகள், படிக வடிவம், உருகுநிலை, உடலியல் விளைவு என எல்லாம் ஒருங்கே பொருந்தவேண்டும் என்னும் நெறி அதன்பின் வலுப்பெற்றது.

சென்னை இரசாயனப் பரிசோதகர்

இந்தியாவில் இத்துறையின் தொடக்கம் சென்னையில் அமைந்தது. 1849இல் சென்னை மாகாணத்தில் நிறுவப்பட்ட இரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடமே இந்தியாவின் முதல் தடயவியல் ஆய்வுக்கூடம் எனக் கருதப்படுகின்றது. கல்கத்தாவில் 1853இலும், ஆக்ராவில் 1864இலும், பம்பாயில் 1870இலும் இத்தகைய அமைப்புகள் தோன்றின. ஸ்டாஸ் தம் முறையைக் கண்டறிவதற்கு ஓராண்டு முன்பே சென்னை அலுவலகம் தொடங்கிவிட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

இங்கு வந்த நஞ்சுகள் ஐரோப்பிய நூல்கள் கூறியவற்றினின்று பெரிதும் வேறுபட்டன. பாடாணம், அபினி, ஊமத்தை, அரளி ஆகியன அடிக்கடி வந்தவை. தோலுக்காக மாடுகளைக் கொல்லப் பாடாணமும், குன்றிமணியை அரைத்துச் செய்த கூர்முனைகளும் பயன்பட்டன. வழிப்போக்கருக்கு உணவில் ஊமத்தை விதையைக் கலந்து மயக்கிப் பொருளைக் கவர்வது வழிப்பறியாளரின் முறை. அவ்வகையில் ஊமத்தையைக் கண்டறிவது, இன்று ‘போதைப்பொருளால் மயக்கிச் செய்யும் குற்றம்’ எனப்படும் வகையின் ஆய்வுக்கு முன்னோடி எனலாம். வெப்ப நாட்டில் உறுப்புகள் தொலைதூர மாவட்டங்களிலிருந்து வந்து சேருமுன் அழுகின. ஐரோப்பாவில் அறிவாராய்ச்சிப் பொருளாயிருந்த டோமெயின் சிக்கல் இங்கு அன்றாடச் சிக்கல். உறுப்புகளைச் சாராயத்திலோ நிறைவுற்ற உப்புக் கரைசலிலோ இட்டு அனுப்பும் வழக்கம் அதனால் நிலைத்தது. இன்றும் அரசு மருத்துவமனைப் பிணவறைகளில் உப்புக் கரைசல் புட்டிகளைக் காணலாம்.

ஊமத்தையின் ஆல்கலாய்டுகளை அறிய இரு சோதனைகள் இருந்தன. நைட்ரிக் அமிலத்துடன் உலரவைத்துச் சாராயத்தில் கரைந்த பொட்டாஷ் சேர்க்கும்போது ஊதா நிறம் தரும் விட்டாலி சோதனை ஒன்று. சாற்றின் ஒரு துளியைப் பூனையின் கண்ணில் இட்டுக் கண்மணி விரிவதைக் காண்பது மற்றொன்று. இவ்விரண்டும் 1910இல் இலண்டனில் புகழ்பெற்ற கிரிப்பன் வழக்கிலும் பயன்பட்டன. மண்ணில் புதைந்திருந்த உடற்பகுதிகளிலிருந்து வில்லியம் வில்காக்ஸ் ஸ்டாஸ் முறையில் பிரித்த ஆல்கலாய்டு கண்மணியை விரித்தது. ஊமத்தை இனத்தில் உள்ள அட்ரோபின், ஹையோசயமின், ஹையோசின் மூன்றுமே அவ்வாறு செய்யும். படிகத்தின் இயல்பைக் கொண்டு அது ஹையோசின் என அவர் முடிவுசெய்தார். கிரிப்பன் ஹையோசின் வாங்கியமை கடைப்பதிவால் உறுதியாகியிருந்தது. 2007இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், பாதுகாக்கப்பட்ட திசுவின் மரபணு கிரிப்பனின் மனைவியுடையதாக இல்லை என அறிவித்ததும், அதனைப் பிறர் மறுத்துவருவதும் தனிக்கதை. அவ்விவாதத்தின் முடிவு எதுவாயினும் வில்காக்ஸின் வேதியியல் பழுதுபடுவதில்லை. நஞ்சு எது என்பதை அறிந்துகொள்வதும், அது யாருடைய உடலில் இருந்தது என்பதை அறிவதும் வெவ்வேறு வினாக்கள்.

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 510ஆம் பிரிவு, இரசாயனப் பரிசோதகரின் அறிக்கையை அவர் நேரில் வந்து சாட்சியம் அளிக்காமலேயே சான்றாக ஏற்க வழிசெய்தது. ஒரு மாகாணத்திற்கு ஒரு பரிசோதகர் என்ற நிலையில், அவர் எல்லா மாவட்ட நீதிமன்றங்களுக்கும் செல்வது இயலாது என்பதே இதற்குக் காரணமாதல் வேண்டும். நிர்வாக வசதிக்காக அமைந்த இவ்விதியின் விளைவு பெரிது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சோதனைமுறைகளைத் திருத்திய குறுக்கு விசாரணை, இந்தியாவில் வழக்கமான நிகழ்வாக வேரூன்றவில்லை.

பிரித்துக் காணும் கருவிகள்

நிறவினையின் அடிப்படைக் குறை, கலவையை ஒரே பொருளாக அது காண்பது. இக்குறையைப் போக்கிய வண்ணப்பிரிகையை இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் மிகயீல் ஸ்வெத் தாவர நிறமிகளைப் பிரிக்கப் பயன்படுத்தினார். ஆர்ச்சர் மார்ட்டின், ரிச்சர்டு சிங் இருவரும் 1941இல் அதனைப் புதிய அடிப்படையில் வளர்த்து 1952இல் நோபல் பரிசு பெற்றனர். தாள் வண்ணப்பிரிகை, எகோன் ஸ்டால் செம்மைப்படுத்திய மென்படல வண்ணப்பிரிகை, வளிம வண்ணப்பிரிகை ஆகியன அடுத்தடுத்து நஞ்சியல் கூடங்களுக்குள் புகுந்தன. மென்படலத் தகட்டில் ஐயத்திற்குரிய மாதிரியும் தெரிந்த மார்ஃபினும் அருகருகே ஏறும். இரண்டும் ஒரே உயரத்தில் நின்று ஒரே நிறமும் காட்டினால், இரு தனித்தனிப் பண்புகள் ஒத்துப்போகின்றன எனலாம். செலவு குறைவாதலால் இந்திய ஆய்வுக்கூடங்களில் இம்முறை நெடுங்காலம் முதன்மை பெற்றது.

வளிம வண்ணப்பிரிகையோடு நிறை நிறமாலைமானியை 1950களின் நடுவில் அமெரிக்காவின் டவ் நிறுவன ஆய்வாளர்களான கோல்கியும் மெக்லாஃபர்ட்டியும் இணைத்தனர். பிரிந்து வெளிவரும் ஒவ்வொரு பொருளும் மின்னணுக்களால் தாக்கப்பட்டுச் சிதறும். சிதறிய துண்டுகளின் நிறைகள் பதிவாகும். ஹெராயினின் மூலக்கூறு நிறை 369. அதன் சிதறலில் 327, 310, 268 முதலிய துண்டுகள் குறிப்பிட்ட விகிதத்தில் தோன்றும். வெளிவரும் நேரமும் துண்டுகளின் அமைப்பும் ஒருங்கே பொருந்தும் வேறு பொருள் கிடைப்பது அரிது. புக்கானன் வழக்கில் எழுந்த வினாவுக்குக் கிடைத்த மிக வலுவான விடை இதுவே. அன்று நிறம் நிகழ்ந்த நொடியில் கண்டவரே சாட்சி. இன்று நிறமாலைப் பதிவு கோப்பில் தங்குகின்றது, எதிர்த்தரப்பு நிபுணரும் அதனைப் படித்துப் பார்க்கலாம். நுண்மையைக் காட்டிலும் இப்பண்பே நீதிமன்ற நோக்கில் பெரிது எனக் கருத இடமுண்டு.

கஞ்சாவின் நிலை சற்று வேறுபட்டது. 1930களில் பிரெஞ்சு ஆய்வாளர் துக்கெனுவா, வெனிலினும் அசிட்டால்டிகைடும் கலந்த கரைசல் கஞ்சாச் சாற்றோடு ஊதா நிறம் தருவதைக் கண்டார். வேறு தாவரங்களும் அந்நிறத்தைத் தரக்கூடும் என்ற மறுப்பு எழுந்தபின், நிறம் குளோரோபார்ம் அடுக்குக்குள் இறங்குகின்றதா என்று பார்க்கும் படி சேர்க்கப்பட்டது. நுண்ணோக்கியில் இலையின் மேலுள்ள சுண்ணப் படிகம் தாங்கிய மயிர்களைக் காண்பதும் உடன்நிகழும். இந்தியச் சட்டம் கஞ்சா என்பதைப் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி என்றே வரையறுக்கின்றது. நுனியோடு சேராத இலையும் விதையும் அவ்வரையறையில் அடங்கா. வேதிச் சோதனை இவ்வேறுபாட்டை அறியாது. கண்ணும் நுண்ணோக்கியுமே அறியும்.

சிறுநீரும் கசகசாவும்

1971இல் வியட்நாமிலிருந்து திரும்பும் அமெரிக்கப் படைவீரர்களின் சிறுநீரை ஹெராயினுக்காகச் சோதிக்க நிக்சன் அரசு ஆணையிட்டது. இவ்வளவு மாதிரிகளைப் பழைய முறைகளால் சோதிக்க இயலாது. எதிர்ப்பொருள்களைக் கொண்டு மார்ஃபினை உணரும் மதிப்பீட்டு முறைகள் அப்போதுதான் உருவாகியிருந்தன. குற்றத்தின் ஐயமே இல்லாத ஒரு கூட்டம் முழுவதையும் சோதிப்பது என்னும் வழக்கம் அன்று தொடங்கி, பின்னர் அரசு அலுவலகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பரவியது.

எதிர்ப்பொருளும் மார்க்கி கரைசலைப் போலவே இனத்தை அறியும், தனிப்பொருளை அறியாது. தமிழர் சமையலறையில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபினிச் செடியின் விதை. அதில் சிறிதளவு மார்ஃபின் ஒட்டியிருக்கும். கசகசா தூவிய ரொட்டியை உண்டவரின் சிறுநீரும் மார்ஃபின் காட்டியது. மிக நுண்ணிய கருவிகள் அதனை உறுதியும் செய்தன. ஏனெனில் அங்கு மார்ஃபின் உண்மையிலேயே இருந்தது. ஆய்வில் பிழையில்லை, ஆனால் அதிலிருந்து பெற்ற முடிவு பிழை. அமெரிக்கக் கூட்டரசு 1998 டிசம்பரில் வரம்பளவை ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 நானோகிராமாக உயர்த்தியதோடு, ஹெராயின் உடலில் சிதையும்போது மட்டுமே தோன்றும் 6-மோனோ அசிட்டைல் மார்ஃபினைத் தேடும் சோதனையையும் சேர்த்தது. வளைகுடா நாடுகள் சிலவற்றில் கசகசாவே தடைசெய்யப்பட்ட பொருள் என்பதைப் புலம்பெயர் தொழிலாளர் நன்கறிவர்.

எடையும் தூய்மையும்

1878ஆம் ஆண்டு அபினிச் சட்டமும் 1930ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டமும் நீக்கப்பட்டு, 1985 நவம்பர் 14 முதல் போதைமருந்து மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையை அளவோடு பிணைத்தது. ஹெராயினுக்கு 5 கிராம் சிறிய அளவு, 250 கிராம் வணிக அளவு. கஞ்சாவுக்கு முறையே 1 கிலோ, 20 கிலோ. வணிக அளவாயின் குறைந்தது 10 ஆண்டுச் சிறை. ஆய்வுக்கூடத்தின் முன் ‘என்ன’ என்பதோடு ‘எவ்வளவு’ என்ற வினாவும் வந்தது.

2008இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மைக்கேல் ராஜ் வழக்கில் கைப்பற்றப்பட்ட தூள் நான்கு கிலோவுக்குச் சற்று மேல். ஆய்வில் ஹெராயினின் தூய்மை 1.4 முதல் 1.6 விழுக்காடே. தூய ஹெராயினாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 60 கிராம். தண்டனைக்குத் தூய பொருளின் அளவே அடிப்படை என நீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பால் அளவறி பகுப்பாய்வு ஒருவர் எத்தனை ஆண்டு சிறையில் இருப்பார் என்பதை முடிவுசெய்யும் நிலை ஏற்பட்டது. 2009 நவம்பரில் மைய அரசு வெளியிட்ட அறிவிக்கை, கலவை முழுவதன் எடையே கொள்ளப்படும் என்றது. ஹீரா சிங் வழக்கில் 2020 ஏப்ரல் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சரியன்று எனக் கூறி, கலப்படப் பொருளையும் சேர்த்தே எடைபோடவேண்டும் என்று முடிவுசெய்தது. போதைப்பொருள் எப்போதும் கலப்படமாகவே விற்கப்படுவது, கலவையே சமூகத்திற்குத் தீங்கு என்பன நீதிமன்றம் காட்டிய காரணங்கள்.

ஆய்வுமுறையின் நோக்கில் இத்தீர்ப்புக்கு மற்றொரு பொருளும் உண்டு. தூய்மை பொருட்டன்று என்றாகும்போது, ‘உண்டு’ என்ற ஒரு சொல்லே முழு எடையையும் குற்றப்பொருளாக்குகின்றது. ஆகவே அச்சொல் நிறவினையால் வந்ததா, நிறை நிறமாலையால் வந்ததா என்ற வினா முன்னினும் கனமுடையதாகின்றது. 1989ஆம் ஆண்டு நிலையாணை ஹெராயின் போன்றவற்றுக்கு 5 கிராமும், அபினி, கஞ்சா, சரசு ஆகியவற்றுக்கு 24 கிராமும் மாதிரியாக எடுக்கவேண்டும் என்றது. பல கிலோ எடையுள்ள மூட்டைக்காகப் பேசுவது அந்தச் சில கிராம்களே. அவை எவர் முன்னிலையில் எடுக்கப்பட்டன என்பதும் வேதியியலோடு சேர்ந்ததே. 2016இல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் நடுவர் முன்னிலையில் மாதிரி எடுப்பதை வலியுறுத்தியது இதனால்தான்.

அறிக்கையும் சாட்சியும்

2009 சூனில் மெலண்டஸ் - டியாஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கோக்கைன் என்று கூறும் ஆய்வுக்கூடச் சான்றிதழ் மட்டும் போதாது, பகுப்பாய்வாளர் நேரில் வந்து குறுக்கு விசாரணைக்கு உட்படவேண்டும் என்று தீர்ப்பளித்தது. தேவையற்ற காலவிரயம் என்று சிலர் கருதினர். சான்றிதழ் அளித்தது மாசச்சூசெட்ஸ் மாநில ஆய்வுக்கூடம். மூன்றாண்டுகளுக்குப் பின், 2012இல், அதே ஆய்வுக்கூடத்தில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிய ஒரு வேதியியலாளர், பல மாதிரிகளைச் சோதிக்காமலேயே கண்ணால் பார்த்து ‘உண்டு’ என எழுதியதும், இல்லாத இடத்தில் போதைப்பொருளைச் சேர்த்ததும் வெளிப்பட்டன. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2017இல் 21,000க்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடி செய்யப்பட்டன. அக்கூடத்தில் கருவிக்குக் குறைவில்லை. மாதிரி கருவியை அடையவேயில்லை.

இந்தியாவில் 1898ஆம் ஆண்டின் 510ஆம் பிரிவு, 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 293ஆம் பிரிவாகவும், 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 329ஆம் பிரிவாகவும் தொடர்கின்றது. அறிக்கை தானே சான்று. நீதிமன்றம் தக்கதெனக் கருதினால் நிபுணரை அழைத்து விசாரிக்கலாம். போதைப்பொருள் சட்டமோ 35, 54ஆம் பிரிவுகளின் வழிச் சில ஊகங்களைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராகவே கொள்கின்றது. 2008இல் நூர் ஆகா வழக்கில் அப்பிரிவுகள் செல்லும் எனக் கூறிய உச்ச நீதிமன்றம், தண்டனை கடுமையாகும் அளவுக்கு மெய்ப்பிக்கும் பொறுப்பும் கண்டிப்பாகவேண்டும் என்றும், பொருளைக் கைப்பற்றியது முதல் பாதுகாத்தது வரை அரசுத் தரப்பு ஐயமின்றிக் காட்டவேண்டும் என்றும் கூறியது. செய்த சோதனைகள் எவை, நிறமாலைப் பதிவு இணைக்கப்பட்டுள்ளதா, ஒப்பீட்டுப் பொருள் எது என்ற விவரங்களின்றி முடிவை மட்டும் கூறும் அறிக்கையாயின், எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அதனை வினவுவதற்கு எஞ்சும் வாயில், நிபுணரை அழைக்கக் கோரும் மனு ஒன்றே.